குடியும் மனச்சோர்வும்: இரண்டையும் ஒரே சீட்டில் பார்ப்பது எப்படி

குடியையும் விட முடியவில்லை, மனசும் சரியில்லை என்று ஒருவரை அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் இரண்டு பதில்களைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். ஓரிடத்தில், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்பார்கள். இன்னோரிடத்தில், "இங்கே குடிக்கு மட்டும்தான், மற்ற மாத்திரையெல்லாம் நிறுத்தணும்" என்பார்கள். இரண்டுமே தவறு. மனச்சோர்வை அப்படியே விட்டுவிட்டுக் குடியை மட்டும் நிறுத்தினால், ராத்திரி தூக்கம் வராத முதல் வாரத்திலேயே கை பாட்டிலைத் தேடும். குடித்துக்கொண்டே மனச்சோர்வு மாத்திரை போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஒரே மருத்துவர், அல்லது ஒரே குழு, ஒரே கோப்பில் இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இங்கே.

போகும் முன் ஒரு தாள்

மருத்துவருக்கு ஒரு நோயாளியுடன் கிடைப்பது பத்து நிமிடம். அதில் பாதி, "எவ்வளவு குடிப்பீங்க?" "கொஞ்சம்தான் சார்" என்றே போய்விடும். அதனால் வீட்டிலேயே ஒரு முழுத்தாள் எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் 15 வயது, வலது ஓரத்தில் இன்றைய வயது. கோட்டுக்கு மேலே குடி: எப்போது ஆரம்பம், எப்போது தினமும் ஆனது, காலையில் எழுந்ததும் குடிப்பது எப்போது தொடங்கியது. கோட்டுக்குக் கீழே மனசு: தூங்காத மாதங்கள், வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்த காலம், தற்கொலைப் பேச்சு, முயற்சி.

அளவைக் கணக்காகச் சொல்லுங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அளவாக எடுத்துக்கொள்வதால், ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. "ஒரு கட்டிங்தான்" என்றால் மூன்று.

அந்தத் தாளில் மிகவும் உதவுவது குடிக்காமல் இருந்த நாட்கள். எங்கேயாவது நாலு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குடிக்காமல் இருந்தாரா? பலருக்கும் இதற்கு விடை சபரிமலையில் கிடைக்கும். மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்தவர், அந்த மண்டலத்தின் கடைசி இரண்டு வாரங்களில் எப்படி இருந்தார் என்று மனைவியிடம் கேளுங்கள். நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினார் என்றால், மனச்சோர்வு குடியால் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மாலை போட்டிருந்தும் விடியற்காலை மூணு மணிக்கு விழித்துக்கொண்டு, "எதுக்கு இருக்கணும்" என்று உட்கார்ந்திருந்தார் என்றால், மனச்சோர்வு தனி நோயாகவே இருக்கிறது, அதற்குத் தனியாக மருந்து வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது.

இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், நிற்காமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்து, பெரிய திட்டங்கள் போட்ட நாட்கள் உண்டா? இருந்தால் இது இருதுருவ நோயாக இருக்கலாம். அதைச் சொல்லாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கினால், ஆள் எதிர்த் திசையில் பித்து நிலைக்குப் போய்விடக்கூடும்.

முதல் ஐந்து நாள்

தினமும் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவதுதான் இதில் பெரிய உயிராபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஆள் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், காய்ச்சலும் படபடப்பும் சேரும். இதைப் "பேய் பிடித்தது" என்றோ "பைத்தியம்" என்றோ நினைத்து வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை அது.

முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர், காலையில் நடுக்கம் நிற்கவே குடிப்பவர், கல்லீரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், இவர்களில் யாரும் வீட்டில் நிறுத்தக் கூடாது. உள்நோயாளியாகச் சேருங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயஸிபாக்சைடு மாத்திரையைப் போதுமான அளவில் தொடங்கி, 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். இந்த மாத்திரைகள் அந்தப் பத்து நாளுக்கு மட்டும்தான். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இதே வகை மாத்திரையான அல்பிரசோலம் வாங்கித் தொடர்ந்தால், ஒரு போதை போய் இன்னொன்று குடியேறிவிடும்.

"உடம்பு பலவீனமாக இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். பல வருடம் குடித்தவரின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஓரிடத்தில் நிற்காது, குழப்பம் வரும். சரியாகக் கவனிக்காவிட்டால் ஞாபகம் திரும்பாமலே போகலாம். அதனால் குளுக்கோஸுக்கு முன்போ, அதனுடனேயோ தயமின் ஊசி போட்டாக வேண்டும். போட்டார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

மனசுக்கான மருந்தை எப்போது தொடங்குவது

குடி நின்ற முதல் இரண்டு வாரம் கிட்டத்தட்ட எல்லோருமே சோர்ந்துதான் இருப்பார்கள். அது பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தானாகத் தெளியும். ஆகவே, தாளில் பழைய மனச்சோர்வு எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர் சில வாரம் பொறுத்துப் பார்ப்பது சரியே. ஆனால் அந்தப் பொறுமையை எல்லோருக்கும் விதியாக்கக் கூடாது. தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, குடிக்கு முன்பே இருந்த மனச்சோர்வு, குடிக்காத மாதங்களிலும் நீடித்த மனச்சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் வாரத்திலேயே மருந்து தொடங்கும்படி கேளுங்கள்.

பொதுவாகச் செர்ட்ரலின் அல்லது எஸ்சிட்டலோபிராம் கொடுப்பார்கள். முதல் பத்து நாள் குமட்டலும் ஒருவித பரபரப்பும் இருக்கும், நன்மை தெரிய நாலு வாரம்கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் "ஒண்ணும் வேலை செய்யலை" என்று நிறுத்திவிட்டுக் குடிக்குத் திரும்புகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் அந்த நாலு வாரத்தைக் கடத்திவிடலாம். மனசு தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர வேண்டும்.

குடி ஆசையைக் குறைக்கும் மருந்து இதனுடன் சேர்ந்தே போகலாம். நால்ட்ரெக்சோன் தினம் 50 மி.கி. ஒரு மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகாது, கல்லீரல் பரிசோதனையும் தேவை. அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. கல்லீரல் கெட்டவருக்கும் பொருந்தும், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் டைசல்ஃபிராம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாம சாம்பாரில் கலந்து குடுங்க" என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதில் இந்த மருந்து இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நிற்கும். மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது போன்ற நிலை) உள்ளவருக்கு நோயையும் கூட்டும். அவரே தெரிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழித்து, மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

பீடி, சிகரெட்டையும் சொல்லிவிடுங்கள். ஒலான்சபின், குளோசபின் போன்ற மனப்பிறழ்வு மருந்துகளின் அளவைப் புகை ரத்தத்தில் குறைத்து வைக்கும். புகை பிடிக்க முடியாத வார்டில் சேர்ந்ததும் அதே மாத்திரை திடீரென அதிகமாகி ஆள் மயங்கிக் கிடப்பார். வீட்டுக்கு வந்து மறுபடி புகைத்தால் மருந்து போதாமல் போகும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடி மற்றும் போதையால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே மையத்தில் முதல் கேள்வி, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்பது. இரண்டாவது, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார். மூன்றாவது, இப்போது சாப்பிடும் மனநல மாத்திரை தொடருமா. "இங்கே வந்தால் எந்த மாத்திரையும் கிடையாது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குடும்பத்தைப் பார்க்க விடாத இடம், அடிக்கும் இடம், கட்டிப்போடும் இடம் எதுவும் சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது.

பணம் இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மருந்து இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446.

மறுபடி குடித்துவிட்டால்

குடித்துவிட்ட அன்று இரவு சண்டை வேண்டாம். போதையும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்த அந்த இரவுதான் தற்கொலைக்கு மிக ஆபத்தான நேரம். பூச்சி மருந்து, எலி மருந்து எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. மனநல மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேறொருவர் கையில் வைத்திருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மறுநாள் தெளிந்ததும், குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்: எங்கே இருந்தார், யார் கூட, மனசில் என்ன, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், மாத்திரை எத்தனை நாளாக விட்டுப்போனது. அந்தக் காகிதத்தோடு மூன்று நாளுக்குள் அதே மருத்துவரைப் பாருங்கள். தினமும் குடிக்கும் நிலைக்கு அதற்குள் திரும்பியிருந்தால், மேலே சொன்ன முதல் ஐந்து நாள் விதி மறுபடி பொருந்தும்.