அப்பாரு அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட கதை

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், 1977 மார்க் 3 அம்பாசிடர் எட்டாவதிலேயே மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடுவதாக இல்லை. ஓரங்கட்டி, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், பாயிண்ட் (காயில் என்கிற மின்சுருளின் கரண்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கும் சுவிட்ச்) முகம் கருகி ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. உப்புத்தாளில் தேய்த்து, விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இடைவெளி வைத்து, ஆசனூர் போய்ச் சேர்ந்தோம். இனி பாயிண்ட் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பாயிண்டின் குறை கருகுவது மட்டுமல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் சுழலும் கேமில் உரசுகிற அதன் குதிகால் தேயத் தேய, 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்த இடைவெளி சுருங்கும். சுருங்கினால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னால் போகும். எலக்ட்ரானிக் கிட்டில் உரசுவதே கிடையாது. கேம் மேல் ஒரு காந்த வளையம் உட்காரும், பக்கத்தில் மாட்யூல் என்கிற குட்டி டப்பாவில் இருக்கும் சென்சார் அதைப் பார்த்துக் காயில் கரண்டை வெட்டும். வெளியே வருவது சிவப்பு, கறுப்பு இரண்டே ஒயர். அதனால்தான் பத்து நிமிஷ வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டுவது பத்து நிமிஷம்தான்; அதற்கு முன்னால் அளக்க ஒரு மணி நேரம் வேண்டும்.

பாயிண்ட் உள்ளே இருக்கும்போதே அளந்துவிடுங்கள். முதலில், பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் என்றால் சாதாரண கிட். சில பழைய வண்டிகளில் பிளஸ்தான் எர்த். அதற்குக் கிட்டே வேறு, மாற்றிப் போட்டால் அடுத்த நொடி போய்விடும். அடுத்தது காயில். இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு பிளஸ், மைனஸ் நடுவே ஓம் பாருங்கள். நாலு சிலிண்டர் வண்டிக்கு இந்த மாதிரி கிட்கள் பெரும்பாலும் 3 ஓம் கேட்கும். 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர். 1.5 ஓம் காயிலை நேரே கொடுத்தால் 8 ஆம்பியர் இழுக்கும், மாட்யூல் தாங்காது. மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன அளவில் அது காட்டுகிற அரை ஓம்கூடப் பெரிய விஷயம்.

மூன்றாவதில்தான் நான் ஏமாந்தேன். ஒயர்களைத் திரும்ப மாட்டி, சாவியை ஆன் செய்து, காயில் பிளஸ்ஸில் வோல்ட் பார்த்தேன். 12 காட்டியது, சந்தோஷமாக இருந்தேன். அப்போது பாயிண்ட் திறந்திருந்தது! கரண்டே ஓடாதபோது வழியில் எத்தனை ரெசிஸ்டர் இருந்தாலும் மீட்டர் முழுசாகத்தான் காட்டும். என்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் மூடியிருக்கும்படி வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்ததும் 7 வோல்ட். யாரோ ஒரு காலத்தில், வழியில் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த காயிலைப் போட்டிருக்கிறார்கள். நான் 3 ஓம் காயில் வாங்கி, ரெசிஸ்டரைத் தாண்டி சாவியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்தேன். லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிறக் கணக்கில் சாவியிலிருந்து வருவது வெள்ளை, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. எங்கள் வண்டியில் எல்லாம் எண்ணெய் குடித்து ஒரே பழுப்பு.

இனி மாட்டலாம். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கேம் தலையில் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம். பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் எடுங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருந்த பிளேட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவில் துணி சுற்றிய ஒரு குட்டி எர்த் ஒயர் இருக்கும். அதை விரலால் இழுத்துப் பாருங்கள். எங்களதில் துணி முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இற்றுப்போய் இரண்டே இழையில் தொங்கியது. மாட்யூலுக்கு எர்த்தே அந்த வழிதான். மெல்லிய இழை ஒயரில் புதுசு செய்து பற்றவைத்தேன். பிறகு பிளேட்டைத் துடைத்து மாட்யூலை முடுக்கி, காந்த வளையத்தைக் கேம் மேல் அடிவரை அழுத்தி, ரோட்டரைப் போடுங்கள். உள்ளே ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். என்ஜின் உறிஞ்சுகிற விசையான வேக்குவம் இழுக்கும்போது பிளேட் நகரும், இழுத்துக் கட்டினால் ஆறு மாதத்தில் அறுந்துவிடும். சிவப்பு காயில் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஒயர் நுனியில் திம்பிள் (உலோக முனை) போட்டு அழுத்துங்கள். பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பி என்றால் கார்பன் ஒயராக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும்.

செல்ஃப் எடுத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய டைமிங் செல்லாது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்துத் திரும்ப சரிசெய்ய வேண்டும். மேடேறும்போது நாக்கிங் கேட்டால் ஒரு மயிரளவு பின்னால் திருப்புங்கள்.

நான் எரித்த முதல் மாட்யூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹாரன் ஒயர் தேடுகிற மும்முரத்தில், என்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் அரை மணி ஆனில் விட்டுவிட்டேன். காயில் தோசைக்கல்லாகக் கொதித்தது, மாட்யூல் செத்தது. இந்த எளிய வகைக் கிட்டுக்குத் தானாகக் கரண்டை நிறுத்தத் தெரியாது.

கோபியில் எங்கள் வண்டியை முப்பது வருஷம் பார்த்த மேஸ்திரி அந்த மாட்யூலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, பாயிண்டு செத்தா ரோட்டோரமா தேச்சுப் போட்டு ஊடு வந்து சேந்துரலாம். உம்பட டப்பா செத்தா என்ன பண்ணுவே?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது டேஷ்போர்டு பெட்டியில், அப்பாருவின் வெற்றிலை டப்பாவுக்குள், 15 தௌ வைத்துப் பார்த்த பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், குட்டித் திருப்புளி, பழைய விசிட்டிங் கார்டு எல்லாம் இருக்கிறது.