ஆங்கில இலக்கியத்தை மீட்டுவது எப்படி? நானும் தங்கச்சியும் கண்டுபிடித்த வழி

போன வருஷம் என் தங்கச்சி சாதாரண தரத்துக்கு ஆங்கில இலக்கியமும் எடுத்தாள். தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளை, வீட்டில் ஆங்கிலம் பேசுவதே இல்லை. சிமிலி, மெற்றஃபர், அலிற்றரேஷன் என்று முப்பது சொல்லுக்கு வரைவிலக்கணம் பாடமாக்கியிருந்தாள், கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். ஆனால் தவணைப் பரீட்சையில் கவிதைக் கேள்விக்குப் பாதிப் புள்ளிகூட வரவில்லை. வெள்ளவத்தை வீட்டு மேசையில் இரண்டு பேரும் விடைத்தாளை வைத்து எங்கே பிழைத்தது என்று தேடியதில் கிடைத்த முறை இது.

முதலில் கவிதையை ஏ4 தாளில் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே நல்ல இடம் விட்டு, ஃபோட்டோ கொப்பி எடுங்கள். பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி. ஹைலைட்டர் வேண்டாம், பென்சில்தான். ஹைலைட்டர் கையில் இருந்தால் எல்லா வரியும் மஞ்சளாகிவிடும், ஏன் கோடு போட்டோம் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. பென்சிலால் ஓரத்தில் காரணத்தை எழுதலாம், பிழை என்றால் அழிக்கலாம்.

அடுத்தது உத்திகளை அடையாளம் காண்பது. இதற்குத் தமிழ்ப் பாடத்தில் படித்த அணிகளே போதும். சிமிலி உவமை, மெற்றஃபர் உருவகம், ஹைப்பர்போலி உயர்வு நவிற்சி, அலிற்றரேஷன் கிட்டத்தட்ட நம்முடைய மோனை. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் 'போல' எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு 'லைக்', 'அஸ்' இரண்டையும் தேடிப் பிடிப்பது பெரிய வேலையே இல்லை. மனிதரல்லாததற்கு மனிதக் குணம் கொடுக்கிற பெர்சோனிஃபிகேஷனில் மட்டும் கவனம் வேண்டும். அதைத் தற்குறிப்பேற்றம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தானாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வதுதான் தற்குறிப்பேற்றம், மனிதக் குணம் கொடுப்பது மட்டும் அல்ல.

இனித்தான் நாங்கள் மாட்டிக்கொண்ட இடம். தங்கச்சி 'இது ஒரு மெற்றஃபர்' என்று எழுதி நிறுத்திவிடுவாள். புள்ளி வருவது அதற்குப் பிறகு எழுதுவதற்கு. 'இதன் விளைவு என்ன' என்று கேட்டால் 'கவிதை அழகாகிறது' என்பாள், எல்லாக் கவிதைக்கும் அதே பதில். கடைசியில் கைகொடுத்தது இதுதான்: கவிஞர் போட்ட சொல்லை எடுத்துவிட்டுச் சாதாரணமான ஒரு சொல்லைப் போடுங்கள். எது குறைந்துபோனதோ அதுதான் விளைவு.

ஆங்கிலக் கவிஞர் ரெனிசன் 1851இல் வெளியிட்ட கழுகுக் கவிதையைப் பாருங்கள், மொத்தம் ஆறே வரி. கழுகு பாறையைக் கோணல் கைகளால் பற்றிக்கொண்டு நிற்கிறது. கழுகுக்கு ஏது கை? 'கைகள்' இருந்த இடத்தில் 'நகங்கள்' போட்டோம். சட்டென்று அது வெறும் பறவையாகிவிட்டது. 'கைகள்' என்று இருந்தபோது கோணிய விரல்களால் பிடியை விடாமல் நிற்கிற ஒரு கிழட்டு ராஜா தெரிந்தார். அந்த வரியில் 'க்ளாஸ்ப்ஸ்', 'க்ராக்', 'க்ரூக்கட்' என்று 'க' ஓசை மூன்று தரம் வருகிறது, வாய்விட்டுச் சொன்னால் தொண்டையே பாறையைப் பிடிப்பதுபோல இறுகும். இந்த இரண்டையும் எழுதினால் ஒரு பந்தி தானாக வந்துவிடும்.

அதே கவிதையில் கீழே தெரிகிற கடலை 'சுருக்கம் விழுந்தது' என்கிறார். கோல்ஃபேசில் அலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவளுக்கு அது விளங்கவே இல்லை. ஒருநாள் தாமரைக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே கண்ணாடிக்கருகே நின்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அக்கா, இஸ்திரி போடாத சீலை மாதிரிக் கிடக்கு" என்றாள். அதை அப்படியே கொப்பியில் எழுதச் சொன்னேன், எந்த நோட்ஸிலும் அதைவிட நல்ல விளக்கம் நான் பார்க்கவில்லை.

தீம், அதாவது கவிதையின் மையக் கருத்து, எழுதும்போது ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். 'அதிகாரம்' என்பது தலைப்பு மட்டும்தான். அதிகாரத்தைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்று முழு வசனமாக எழுதுங்கள்: 'உயரத்தில் நிற்பவருக்குப் பலத்தோடு தனிமையும் சேர்ந்தே வருகிறது.' பிறகு கவிதையிலிருந்தே சான்று காட்டுங்கள். கழுகு இருப்பது தனிமையான நிலம் என்று இரண்டாம் வரியிலேயே இருக்கிறது. சான்று கிடைக்காவிட்டால் வசனத்தை மாற்றுங்கள், கவிதையை வளைக்காதீர்கள்.

இணங்கவைக்கும் உத்திகள் ஆங்கில மொழித் தாளில் பேச்சும் கட்டுரையும் எழுதத்தான் கூடுதலாக உதவும். அரிஸ்டோட்டில் சொன்ன மூன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஈதோஸ் சொல்பவர் மேலுள்ள நம்பிக்கை, லோகோஸ் தர்க்கம், பேதோஸ் உணர்ச்சி. 101 பஸ்ஸில் காலி வீதியால் போகும்போது ரியூஷன் போஸ்டர்களை வாசித்துப் பழகினாள். 'இருபது வருட அனுபவம்' ஈதோஸ், எத்தனை பேருக்கு ஏ கிடைத்தது என்ற கணக்கு லோகோஸ், 'உங்கள் பிள்ளையின் எதிர்காலம்?' பேதோஸ், அதுவே பதில் எதிர்பாராத கேள்வியும்கூட. திரும்பச் சொல்வதன் பலம் தெரியவேண்டுமென்றால் 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசியதைக் கேளுங்கள். வாசிக்காதீர்கள், கேளுங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகு கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எடுக்கலாம்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு அம்மா நல்ல கேள்வி கேட்டிருந்தார். கழுகுக் கவிதையின் கடைசி மூன்று வரியும் 'க்ரோல்ஸ்', 'வோல்ஸ்', 'ஃபோல்ஸ்' என்று ஒரே ஓசையில் முடிகிறதே, அந்தச் சொற்களை மாற்றினால் சந்தம் கெட்டுவிடுமே என்று. உண்மைதான், வரியின் கடைசிச் சொல்லில் இந்த முறை பாதிதான் வேலை செய்யும். அங்கே மாற்றிப் பார்ப்பதோடு சத்தமாக வாசித்தும் பாருங்கள். கடல் மெல்ல ஊர்கிறது, கழுகு பார்த்துக்கொண்டே இருக்கிறது, பிறகு ஒரே வரியில் இடிபோல விழுகிறது. பறக்கவில்லை, விழுகிறது. அதோடு கவிதையும் முடிகிறது. பிள்ளையிடம் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஏன் 'பறந்தது' என்று முடிக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள்.