பெற்றோர் கையால் அடிபடும் பிள்ளைக்கு அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியவை

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை அலறினால் ‘படிக்காத சனம், அப்படித்தான்’ என்கிறோம். அஸ்தம்பட்டியில் அடுக்குமாடி வீட்டின் மூடிய கதவுக்குப் பின்னே அதே அலறல் கேட்டால் ‘படித்தவர்கள், கண்டிப்பாக வளர்க்கிறார்கள்’ என்கிறோம். உதவ நினைப்பவர் முதலில் விட வேண்டியது இந்தப் பாகுபாட்டைத்தான்.

பெற்றோரின் கல்விக் குறைவும் குழந்தை வதையும் சேர்ந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மையே. ஆனால் கல்விக் குறைவு தனியாக வருவதில்லை. கடன், குடி, இளவயதுத் திருமணம், தானே கணவனிடம் அடிபடும் தாய் என எல்லாம் அதனோடு வருகின்றன. ஓட்டு வீட்டில் விழும் அடி தெருவுக்கே கேட்பதால் அது கணக்கில் ஏறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் அடிபட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டோரில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோரே. இத்தனையையும் எழுத்தறியாதவர் தலையில் கட்டிவிட முடியாது.

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது இயல்பு. காது, கழுத்து, முதுகு, தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் கன்றல், பெல்ட்டோ ஒயரோ பதிந்த தடம், கரண்டியின் வடிவிலேயே அமைந்த சூட்டுப் புண், இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடலில் எந்தக் கன்றலும் இருந்தால், விழுந்துவிட்டான் என்ற விளக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். படித்தவர் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் தடமே இல்லாமலும் இருக்கலாம். மதிப்பெண் வரும் நாளில் வயிற்றுவலி, சோறு போடாமல் விடுதல், குளியலறையில் பூட்டிவைத்தல் ஆகியவற்றைப் பிள்ளையின் பேச்சிலிருந்துதான் அறிய வேண்டியிருக்கும்.

பிள்ளையிடம் ‘அப்பா அடித்தாரா?’ என்று கேட்காமல் ‘என்ன நடந்தது?’ என்று ஒருமுறை கேட்டு, அது சொன்ன சொற்களையே தேதியோடு எழுதி வையுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

உடனடி ஆபத்து இல்லையெனில் பெற்றோரிடம் பேசலாம். தறி ஓட்டும் தாயிடம் அறிவுரை எடுபடாது. ‘பையன் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான், வீட்டில் ஏதாவது கஷ்டமா அக்கா?’ என்று தொடங்கினால் எந்த நேரத்தில் கை ஓங்குகிறது என்பதை அவரே சொல்லக்கூடும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பாட்டி வீட்டிலோ மாலை வகுப்பிலோ விட ஏற்பாடு செய்வது பத்து அறிவுரைகளைவிடப் பயன்படும். பட்டம் பெற்ற தந்தையோ வாதாடுவார். ‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதை அவரும் சொல்வார். அடிக்குப் பயந்த பிள்ளை விடைத்தாளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்கிறது என்று அவருடைய கவலையான மதிப்பெண்ணிலிருந்தே பேசுங்கள். பிள்ளையைக் கொடுமைப்படுத்தும் பெற்றோருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 75-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு என்பதைக் கடைசியில் சொல்லலாம். முதலிலேயே சொன்னால் அடி உள்ளறைக்குப் போய்விடும்.

பாலியல் தொல்லை, தலைக்காயம், தீப்புண், கைக்குழந்தை மீதான அடி, ‘வீட்டுக்குப் போக மாட்டேன்’ என்னும் பிள்ளை: இவற்றில் பெற்றோரிடம் முன்கூட்டிப் பேசவே கூடாது. எந்நேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ, காவல் நிலையத்தின் குழந்தை நல அலுவலரையோ உடனே அணுகுங்கள். பாலியல் குற்றத்தை அறிந்தும் சொல்லாதிருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஏற்காட்டு மலைக்கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது தலைமையாசிரியர் வழியாகவும் சொல்லலாம். ‘அது அவர்கள் வீட்டு விவகாரம்’ என்பவர்களுக்கு, பெண் சிசுக்கொலையைத் தடுக்க, பெற்றோர் கைவிடும் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இந்தச் சேலத்தில்தான் தொடங்கியது என்று நினைவூட்டலாம்.

விசாரணைக்குப் பின் பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பவும் கூடும். அப்போது ஒதுங்கிவிடாமல், பயம் வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று அதற்குக் காட்டி வையுங்கள்.