சங்கீதம் 121-ஐப் பதிவு செய்வது எப்படி: போனில் தொடங்கி இலவசமாகப் பகிரும் வரை

தூக்கம் வராத இரவில், கண் தெரியாத பாட்டிக்கு, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கு என்று அமைதியான வேதாகம (பைபிள்) வாசிப்பைத் தேடுபவர்கள் நிறைய. கிடைப்பதோ பெரும்பாலும் எக்கோ போட்ட குரலும் அழுது வடியும் கீபோர்டும்தான். நல்ல பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு போன், ஒரு கனத்த போர்வை, ஓரளவு ஓடும் கணினி போதும்.

வேதாகமத்தின் சங்கீத புத்தகத்திலிருந்து தொடங்கலாம். முதல் நாளே சங்கீதம் 119-ஐத் தொடாதீர்கள்; 176 வசனம். 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களில் ஆரம்பியுங்கள். 132 மட்டும் 18 வசனம். மற்றதெல்லாம் 9 வசனத்துக்குள் முடிந்துவிடும். இங்கே 121-ஐ எடுத்துக்கொள்வோம்.

1. எந்த மொழிபெயர்ப்பு?

இதை முடிவு செய்யாமல் மைக்கைத் தொடக் கூடாது. வேதம் எல்லாருக்கும் பொது; மொழிபெயர்ப்பு அப்படியல்ல.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, சபைகளில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று சொல்லப்படுவது, பாதுகாப்பானது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு போனால் உரிமை முடிந்தது; பவர் இறந்தது 1885-ல். ஆனால் உங்கள் கையிலுள்ள அச்சுப் பதிப்பில் பதிப்பகம் சேர்த்த இடைத்தலைப்பு, அடிக்குறிப்பு, முன்னுரை ஆகியவற்றை வாசிக்காதீர்கள். 'ஆரோகண சங்கீதம்' என்ற மேல்வரி மூலத்திலேயே இருப்பது, அதை வாசிக்கலாம்.

எளிய தமிழ் வேண்டுமானால் 2019-ன் இந்தியத் திருத்தப் பதிப்பு (ஐ.ஆர்.வி.) இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய்-எஸ்.ஏ. 4.0 என்ற இலவசப் பகிர்வு உரிமத்தில் கிடைக்கிறது. வெளியிட்டவர் பெயரைச் சொல்ல வேண்டும், உங்கள் பதிவையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். 1995-ன் 'திருவிவிலியம்' மொழிபெயர்ப்பை வாசிக்க நினைத்தால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

2. வாசகத்தைக் குறித்துக்கொள்ளுதல்

பெரிய எழுத்தில் அச்சடித்து, பென்சிலால் மூச்சுவிடும் இடங்களைக் கோடிடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

முதல் இரண்டு வசனங்களைப் பாருங்கள்:

"எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்."

"வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்."

'எனக்கு ஒத்தாசை வரும்' இரண்டிலும் உண்டு. இரண்டாவதில் அது முற்று. குரலை இறக்கி முடிக்கலாம். முதலாவதில் அது பெயரெச்சம். 'பர்வதங்களுக்கு' என்பதோடு ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே 'வரும்' என்றதும் மூச்சு விட்டால் வாக்கியம் உடைந்து, பர்வதங்கள் அந்தரத்தில் நிற்கும். 'நேராக' என்ற சொல்லுக்குப் பிறகு மூச்சு விடுங்கள்.

மூன்றாம் வசனத்தின் 'தள்ளாடவொட்டார்' பலரைத் தடுக்கிவிடும். அது தள்ளாட + ஒட்டார், தள்ளாட விடமாட்டார் என்று பொருள். பொருள் புரிந்தால் நாக்கு தானே சரியாகப் புரளும். கடைசி வசனத்தின் 'என்றைக்குங் காப்பார்' பழைய புணர்ச்சி எழுத்து. 'என்றைக்கும் காப்பார்' என்று வாசித்தால் தவறில்லை. கடைசி இரண்டு வசனங்களில் 'காப்பார்' மூன்று முறை வருகிறது. மூன்றையும் ஒரே மாதிரி இழுத்தால் பிரசங்க மேடை ஆகிவிடும். இழுக்காமல் சொல்லுங்கள்.

வசன எண்களை வாசிக்க வேண்டாம். வசனத்துக்கு வசனம் சுமார் ஒன்றரை வினாடி இடைவெளி விடுங்கள். இந்தச் சங்கீதம் முழுதும் ஒரு நிமிடத்துக்கும் ஒன்றரை நிமிடத்துக்கும் நடுவில் முடிந்தால் வேகம் சரி.

3. அறை

மின்விசிறியை நிறுத்துங்கள். பிரிட்ஜ் உறுமல் கேட்கிறதா என்று கதவைச் சாத்திப் பாருங்கள். வெறும் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். கொடியில் ஒரு ஜமுக்காளமோ கனத்த போர்வையோ தொங்கவிட்டு அதைப் பார்த்து உட்காருங்கள். இரும்பு பீரோவுக்கு முன்னால் உட்காராதீர்கள், தகரம்போல் அதிரும். நேரம், விடியற்காலை நாலரை மணி. பால்காரரும் காக்கையும் கிளம்பிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

4. பதிவு

போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். பதிவுச் செயலியில் வேவ் அல்லது லாஸ்லெஸ் (தரம் குறையாத வடிவம்), மோனோ (ஒற்றைத் தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கின் மேல், துண்டு விரித்து வையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், ஆனால் நேர் எதிரே அல்ல, சற்று ஓரமாக. நேரே வைத்தால் 'பர்வதம்', 'பகலிலே' எல்லாம் மைக்கில் ஊதிய காற்றாக 'ப்ஃ' என்று விழும்.

அளவு காட்டும் கோடு உச்சத்தில் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும். 0-ஐத் தொட்ட குரல் கிழிந்துவிடும். எந்த மென்பொருளாலும் முழுதாகத் தைக்க முடியாது.

வாசிக்கும் முன் 10 வினாடி சும்மா இருங்கள். அந்த வெற்று ஒலி அடுத்த படிக்குத் தேவை. தவறினால் நிறுத்தாதீர்கள், ஒருமுறை கை தட்டிவிட்டு, அந்த வசனத்தின் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். நடுச்சொல்லிலிருந்து தொடர்ந்தால் சுருதி ஒட்டாது. கை தட்டிய இடம் திரையில் ஆணி போல் நீட்டிக்கொண்டு தெரியும், வெட்டுவது சுலபம்.

5. திருத்தம்

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் இலவசம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. தவறிய இடங்களை வெட்டுங்கள்.
2. ஹை-பாஸ் ஃபில்டர், 80 ஹெர்ட்ஸ். அடி உறுமல் போகும்.
3. நாய்ஸ் ரிடக்‌ஷன்: வெற்று ஒலியைத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுங்கள், பிறகு முழுப் பதிவுக்கும் 6 டெசிபல். 12-க்கு மேல் போனால் குடத்துக்குள் பேசுவது போலாகும்.
4. லவுட்னஸ் நார்மலைசேஷன்: −16 எல்.யு.எஃப்.எஸ் (காதில் கேட்கும் சத்தத்தின் அளவு), மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக். பிறகு லிமிட்டர் (உச்சத்தைக் கட்டுப்படுத்துவது) −2 டெசிபல்.

பதினைந்து பதிவுக்கும் ஒரே எண் வைத்தால்தான் படுத்திருப்பவர் ஒவ்வொரு சங்கீதத்துக்கும் எழுந்து வால்யூம் திருக வேண்டியிருக்காது.

வேவ் கோப்பை மூலப்பிரதியாக வைத்திருங்கள் (நிமிடத்துக்கு சுமார் 5.3 எம்.பி.). பகிர்வதற்கு எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ். நிமிடத்துக்கு அரை எம்.பி.க்கும் குறைவு, வாட்ஸ்அப்பில் தாராளமாகப் போகும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. குரலை மறைக்கும், உரிமைப் பிரச்சினையையும் இழுத்து வரும்.

6. வீடியோ

1920×1080, கருநீலமோ கருப்போ பின்னணி, வெண்ணெய் நிறத்தில் எழுத்து. இரவில் கண் கூசாது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அளவு 64 பிக்சலுக்குக் குறையாமல், ஒரு திரையில் ஒரு வசனம்.

சில வீடியோ மென்பொருள்கள் தமிழைச் சிதைத்துவிடும். 'கொ' என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருளில் நேரடியாகத் தட்டாதீர்கள். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் ஒவ்வொரு வசனத்தையும் ஸ்லைடாக்கி, பிஎன்ஜி படமாகச் சேமித்து, ஷாட்கட் என்ற வீடியோ மென்பொருளில் ஒலியோடு அடுக்குங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய கோப்பு இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

7. வெளியிடுதல்

கோப்புப் பெயரின் தொடக்கத்தில் மூன்று இலக்க எண் போடுங்கள்: 001, 023, 121. இல்லாவிட்டால் பென் டிரைவில் 1-க்குப் பிறகு 10, 100 என்று வரிசை குழம்பும். தலைப்பில் 'சங்கீதம் 121' என்பதோடு 'திருப்பாடல் 121' என்றும் சேருங்கள். கத்தோலிக்கர்கள் அப்படித்தான் தேடுவார்கள். விளக்கத்தில் மொழிபெயர்ப்பின் பெயரும் உரிமமும் இருக்கட்டும்.

யூடியூபில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் பணம் பண்ணாவிட்டாலும் அங்கே விளம்பரம் வரலாம். "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் அலறும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் எம்பி3-ஐ ஏற்றி, தரவிறக்க இணைப்பை விளக்கத்தில் கொடுங்கள்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். ஆர்க்கைவில் போட்ட கோப்பில் பிழை இருந்தால் அதே பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். யூடியூபில் வீடியோவை அழித்துவிட்டுப் புதிய இணைப்பில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே முதலில் ஒலியை ஆர்க்கைவில் ஏற்றி, வேறொருவரை வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு வீடியோ வேலையைத் தொடங்குங்கள்.