கிராம ஊழியத்துக்குக் கிளம்பும் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் "கிராமத்துக்கு ஏதாவது செய்வோம்" என்று கிளம்புவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு குழு செய்து கெடுத்ததையே அடுத்த குழுவும் செய்கிறது. நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

சொல்லாமல் ஊருக்குள் போவது

முதலில் ஊர்ப் பெரியவரான அம்பலத்தையும் ஊராட்சித் தலைவரையும் பாருங்கள். யார், எந்தச் சபை, எதற்கு வருகிறோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள், தேதியையும் அவர்களிடமே கேளுங்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கும்போது போய் முகாம் போட்டால் யார் வருவார்கள்? களை எடுப்பு நடக்கிற நாட்களில் பகலில் ஊரில் ஆளே இருக்காது. இடம் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வரக்கூடியதாக இருக்கட்டும், ஊராட்சிப் பள்ளி நல்லது.

ஒருநாள் முகாமில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெளியூர் டாக்டரை அழைத்து வந்து, பந்தல் போட்டு, பிரஷரும் சுகரும் பார்த்து, பத்து நாள் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து, சாயங்காலம் நன்றி ஜெபம் முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். சாக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் அப்படி நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு, அதே மருந்தை வேறு கம்பெனி அட்டையில் கொடுத்திருக்கிறார்கள். இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டவுன் டாக்டர் கொடுத்தது, அதுவும் சாமி காரியமாக வந்தவர்கள் கொடுத்தது என்று அந்த அம்மா பழையதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட்டார். பத்து நாளில் தீர்ந்தது. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை, சரி, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிரஷர் ஏறினாலும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. சில மாதத்தில் வலது கையும் காலும் விழுந்து சிவகங்கைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முகாம் நடத்தியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அவர்கள் அந்த ஊருக்குத் திரும்பப் போகவில்லை. பயனடைந்தவர்கள் கணக்கில் அந்த அம்மாவும் இருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. அதில் விட்டுப்போனவர்களைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதுதான் சபை செய்ய வேண்டிய வேலை. முகாமுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் கிராம செவிலியரையும் பார்த்துப் பேசுங்கள். வருகிறவர்களைப் பழைய மாத்திரை அட்டையோடும் சீட்டோடும் வரச் சொல்லுங்கள். புதிதாகப் பிரஷர் இருப்பது தெரிந்தவர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு செவிலியரிடம் கொடுங்கள், அப்புறம் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேர் மாதாமாதம் அந்த வீடுகளுக்குப் போய் மாத்திரை வருகிறதா, சாப்பிடுகிறார்களா என்று பார்க்கட்டும். இதற்கு ஆள் இல்லையென்றால் முகாமே போடாதீர்கள்.

கண் முகாமுக்கும் இதுதான். 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை முகாம்களில், ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை வண்டியில் ஏற்றிப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். வெறுமனே "மதுரைக்குப் போய்க் காட்டுங்கள்" என்று சீட்டெழுதிக் கொடுத்தால், பஸ் காசுக்கே வழியில்லாத, துணைக்கு ஆளும் இல்லாத பாட்டி எப்படிப் போவார்?

ஜெபத்தைக் கட்டாயமாக்குவது

டோக்கன் கொடுக்குமுன் எல்லாரையும் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யாதீர்கள். ஜெபிக்கக் கேட்பவரோடு உட்கார்ந்து மனதார ஜெபியுங்கள். கேட்காதவருக்கும் அதே டாக்டர், அதே சாப்பாடு. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

படம் எடுப்பது

வேண்டாம்.

பெரிய வீடுகளைத் தாண்டிப் போவது

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமெல்லாம் தெரு நீளத்துக்கு இருக்கிற வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் இருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. வசதியான வீடு, நமக்கு அங்கே என்ன வேலை என்று போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஆள் தேவைப்படுவது அங்கேயும்தான். பிள்ளைகளிடம் போனில் சொல்லிவிட்டுப் போங்கள், மதப் பிரசாரக் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பணம்

காணிக்கையும் முகாம் பணமும் ஒரே நோட்டில் வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்க்காரர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் அனுப்புவது 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) வெளிநாட்டு நன்கொடை. மத்திய அரசில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள், ரசீது கொடுங்கள்.