பாட்டை விற்காதீர்கள், பங்கை வைத்துக்கொள்ளுங்கள்: கன்ட்ரி பாடகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகப் பாட்டெழுதி, கிட்டாரோடு பாடி, ஒருநாள் தன் பேரில் ஒரு பேண்ட் நடத்த ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையில் புகழ்பெற்ற பாடகர் வில்லி நெல்சனின் வாழ்க்கையைக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்த வழியில் என்னென்ன தவறு நடக்கும் என்பது அதில் அப்படியே இருக்கிறது.

முதலில், நல்ல கிட்டார் கிடைத்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பது. டெக்சாஸில் அபட் என்ற சின்ன ஊரில் 1933இல் பிறந்தவர் நெல்சன். தாத்தா கொல்லர். ஆறு வயதுப் பேரனுக்குத் தபாலில் வரவழைத்த மலிவான கிட்டாரை வாங்கிக் கொடுத்து, சில கார்டுகளையும் (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) அவரே சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருடமே பையன் பாட்டெழுதத் தொடங்கிவிட்டான். பழைய கன்ட்ரி பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று கார்டுகள் போதும். குழந்தைக்கு வாங்கும் கிட்டாரில் விலையைவிடக் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். கம்பி பலகையிலிருந்து எட்ட நின்றால் விரல் வலித்து, ஒரே மாதத்தில் கிட்டார் மூலைக்குப் போய்விடும்.

அடுத்தது, பிறர் குழுவில் வாசிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பது. நெல்சன் சிறுவனாக இருந்தபோதே உள்ளூரில் செக் வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் போல்கா நடன இசைக் குழுவில் வாசித்தார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போன பிறகு பாடகர் ரே பிரைஸின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். அது அவருடைய வாத்தியமே இல்லை. ஒரு கச்சேரியை எப்படி நகர்த்துவது, கூட்டம் தளரும்போது எந்தப் பாட்டை எடுப்பது என்பதெல்லாம் இப்படிப் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

இனி வருவதுதான் பெரிய தவறு. ஹூஸ்டனில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு காசுக்குத் திண்டாடிய காலத்தில், 'ஃபேமிலி பைபிள்' என்ற தன் பாட்டை நெல்சன் 50 டாலருக்கு விற்றுவிட்டார். 1960இல் கிளாட் கிரே பாடி அது ஹிட் ஆனது. எழுதியவர் பட்டியலில் நெல்சன் பெயர் இல்லை. 'நைட் லைஃப்' பாட்டையும் 150 டாலருக்குக் கொடுத்தார். அது பிறகு எத்தனையோ பேர் பாடிய பாட்டு.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. யார் பாடிப் பதிந்தாலும் பாட்டுக்கான ராயல்டி வரும். அதில் வழக்கமாகப் பாதி எழுதியவருக்கு, பாதி பதிப்பாளருக்கு, அதாவது பாட்டைப் பாடகர்களிடம் கொண்டுபோய் அதன் உரிமையைக் கவனிக்கும் நிறுவனத்துக்கு. பதிப்பாளரிடம் போவதில் தப்பில்லை, எழுதியவரின் பாதியை விற்பதுதான் தப்பு. நாஷ்வில்லில் பாம்பர் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனம் நெல்சனுக்கு வாரம் 50 டாலர் கொடுத்தது. அதே 50 டாலர்தான், ஆனால் இந்த முறை பங்கு அவரிடமே இருந்தது. 1961இல் பாடகி பேட்ஸி கிளைன் நெல்சன் எழுதிய 'கிரேஸி'யைப் பாடியபோது பலன் அவருக்கே வந்தது.

அதே வருடம் 'ஹலோ வால்ஸ்' பாட்டையும் 500 டாலருக்கு விற்றுவிடப் பார்த்தார். பாடகர் ஃபேரன் யங் வாங்க மறுத்து, பணத்தைக் கடனாகக் கொடுத்தார். பாட்டு முதலிடம் போனது, ராயல்டியும் வந்தது. எல்லோருக்கும் ஒரு ஃபேரன் யங் கிடைக்கமாட்டார். அதனால் அவசரப் பணத்துக்குக் கடன் வாங்குங்கள், வேறு வேலை பாருங்கள், பாட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைப் பாட, எல்விஸ் பிரெஸ்லி தரப்பு பதிப்புரிமையில் பாதி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அதே பாட்டை 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது அந்த மறுப்பின் மதிப்பு உலகத்துக்கே தெரிந்தது.

நாலாவது, தன் குரலுக்குப் பொருந்தாத வாத்திய அமைப்புக்குத் தலையாட்டுவது. நெல்சன் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தங்கி, திடீரென்று முன்னால் ஓடிப் பாடுவார். நாஷ்வில் ஸ்டூடியோக்களில் அவர் குரலைச் சுற்றி வயலின்களையும் கோரஸையும் அடுக்கினார்கள். பாடகராக அவர் எடுபடவில்லை. டெக்சாஸ் திரும்பி, அக்கா பாபி பியானோ, பால் இங்கிலிஷ் டிரம்ஸ், மிக்கி ரஃபேல் மவுத் ஆர்கன் என்று தன் மூச்சு தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1975இல் தன் குழுவோடு, அதிக வாத்தியமில்லாமல் ஓர் ஆல்பம் பதிந்து கொடுத்தபோது, ரெக்கார்டு கம்பெனியில் அதை டெமோ, அதாவது வெறும் மாதிரிப் பதிவு என்றே நினைத்தார்களாம். அதிலிருந்துதான் பாடகராக அவருடைய முதல் நம்பர் ஒன் வந்தது. அதுவும் ஃபிரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டு. 'நான் எழுதியதைத்தான் பாடுவேன்' என்ற பிடிவாதமும் வேண்டாம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆள் எடுக்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும். வேகமாக வாசிக்கிறவரைவிட, பாடகர் ஒரு வரியை இழுக்கும்போது காத்திருக்கத் தெரிந்தவர் மேல். மிக்கி ரஃபேல் 1973 வாக்கில் சேர்ந்தவர், பல பத்தாண்டுகள் கூடவே வாசித்தார்.

கடைசியாகக் கணக்கு. பேண்ட் நடத்துவது என்றால் சம்பளம், பஸ், ஹோட்டல், வரி எல்லாம் தலைவர் பொறுப்பு. 1990இல் அமெரிக்க வருமான வரித்துறை 1.6 கோடி டாலருக்கு மேல் பாக்கி என்று நெல்சனின் சொத்துகளை ஜப்தி செய்தது. கணக்கைப் பிறர் பார்க்கட்டும், சரி. ஆனால் வரிக்கான பணத்தை ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை அந்தப் பாஸ்புக்கை நீங்களே திறந்து பாருங்கள்.