வட சென்னைலேர்ந்து ஒரு காலாண்டிதழ் கொண்டு வரணும்னா

போன மாசம் தண்டையார்பேட்டைலேர்ந்து ரெண்டு பசங்க வந்து, அண்ணா நாங்களும் ஒரு பத்திரிகை ஆரம்பிக்கறோம், கட்டுரை கவிதை ரெண்டும் போடற மாதிரி, அரசியலும் இருக்கணும், மூணு மாசத்துக்கு ஒண்ணு, எங்கேர்ந்து தொடங்கறதுன்னு கேட்டாங்க. டீக்கடைல நின்னுக்கிட்டு சொன்னது பாதிதான். மீதியும் சேத்து இங்க எழுதிடறேன்.

மொதல்ல ஒண்ணு. காலாண்டிதழ்னா மெதுவா வர்ற மாசப் பத்திரிகை இல்ல. மாசப் பத்திரிகைன்னா, வந்த கட்டுரையை பிழை திருத்தி போடத்தான் நேரம் இருக்கும், இதுல அந்த கட்டுரையை எழுதினவரோட உக்காந்து ரெண்டு தடவ மூணு தடவ திரும்ப எழுத வைக்க நேரம் இருக்கு, அதுக்காகத்தான் இந்த மூணு மாசமே. தமிழ்ல சிற்றிதழுக்கு நல்ல முன்னோடிங்க உண்டு. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரில எழுத்துன்ற பத்திரிகைய ஆரம்பிச்சு 1970 வரைக்கும் 119 இதழ் கொண்டு வந்தாரு, புதுக்கவிதைக்கு ஒரு இடம் கிடைச்சதே அதுலதான். 1968ல சேலத்துலேர்ந்து வந்த நடை காலாண்டிதழ், மொத்தமே எட்டு இதழ்தான், இன்னைக்கும் அதப் பத்தி பேசறோம். காலச்சுவடு கூட 1988ல சுந்தர ராமசாமி காலாண்டிதழாத்தான் ஆரம்பிச்சாரு. அதனால எத்தனை வருஷம் ஓடும்னு கவலைப்பட வேணாம், ஒவ்வொரு இதழும் நின்னு படிக்கற மாதிரி இருக்கான்னு பாருங்க.

அடுத்தது யார் எழுதப் போறாங்கன்றது. இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. ஏற்கெனவே பேரு வாங்கின பத்து பேருக்கு போன் போட்டு படைப்பு கேப்பாங்க, அவங்களும் வேற எங்கயும் போகாத ஒண்ண எடுத்துக் குடுப்பாங்க. அத விட்டுட்டு நம்ம தெருவுல கேளுங்க. கூட்ஸ் ஷெட்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, எண்ணூர்ல சாம்பல் கழிவு ஆத்துல கலக்கறத முப்பது வருஷமா பாத்துட்டு இருக்கற அக்கா, புளியந்தோப்புல கானா எழுதற தம்பி, இவங்க யாரும் தானா கட்டுரை அனுப்ப மாட்டாங்க. நீங்கதான் போகணும்.

எங்க மூணாவது இதழுக்கு காசிமேட்டுல ஒரு பெரியவர் கிட்ட போனேன். "கட்டுரையெல்லாம் நமக்கு இன்னா தெரியும் நைனா"ன்னாரு. சரி பேசுங்க, நான் ரெக்கார்ட் பண்றேன்னு போன ஆன் பண்ணி வெச்சேன். ரெண்டு மணி நேரம் காத்தப் பத்தியே பேசினாரு, வாடை அடிச்சா என்ன, கொண்டல் அடிச்சா என்ன, கச்சான் அடிக்கறப்ப எந்த மீன் கரைக்கு வரும் எது வராதுன்னு. வீட்டுக்கு வந்து அடிச்சு முடிச்சப்ப, படிக்கறவங்களுக்கு புரியணுமேன்னு கச்சான்றத எல்லா எடத்துலயும் மேற்குக் காற்றுன்னு மாத்திட்டேன். ப்ரூஃப் எடுத்துட்டு போய் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இது யாரு சொன்னது?"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் பழையபடி மாத்தினேன். அதுலேர்ந்து எங்க வழக்கம் இதுதான், சொல்லி எழுதின கட்டுரை எதுவா இருந்தாலும் அச்சுக்கு போறதுக்கு முன்னாடி சொன்னவங்க எதிர்லயே சத்தமா படிச்சுக் காட்டிடணும், எங்க அவங்க முகம் மாறுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கணும்.

அரசியல் கட்டுரைன்னா இன்னொரு வேலையும் இருக்கு, வருஷத்தையும் பேரையும் ஒண்ணு விடாம சரி பாக்கறது. பின்னி மில் பத்தி ஒருத்தர் எழுதினப்ப சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சதும் பெரிய ஸ்ட்ரைக்கும் ஒரே வருஷம்னு எழுதியிருந்தாரு. சங்கம் 1918, ஸ்ட்ரைக் 1921. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா அந்த மூணு வருஷத்துல நடந்ததுதான் கட்டுரைக்கே உயிர். எண்ணூர் எண்ணெய்க் கசிவு மாதிரி 2023 டிசம்பர்ல நம்ம கண்ணு முன்னாடி நடந்ததுன்னாலும், கம்பெனி பேரு போட்டு எழுதறீங்கன்னா பசுமைத் தீர்ப்பாயத்தோட உத்தரவ எடுத்து பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதுங்க. கோவம் இருக்கட்டும், ஆதாரமும் இருக்கட்டும்.

கவிதைக்கு வர்றேன், இதுல எனக்கு கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி. டெம்மி சைஸ்ல, அதான் சாதாரண புத்தக அளவு, மார்ஜின் போக எழுத்துக்கு நாலேகால் இஞ்ச் அகலம்தான் கிடைக்கும். கவிஞர் செல்போன்லயோ ஏ4லயோ எழுதின நீளமான வரி அங்க ரெண்டா மடங்கிடும், படிக்கறவங்க அது கவிஞரே ஒடைச்ச வரின்னு நினைப்பாங்க. அப்படி மடங்கினா ரெண்டாவது பாதிய நல்லா உள்ள தள்ளி வைக்கணும், இல்ல அந்த கவிதைக்கு மட்டும் எழுத்த அரை பாயிண்ட் கொறைக்கணும். பத்தி இடைவெளி பக்கத்தோட கடைசில வந்து விழுந்தா காணாமப் போயிடும், அதனால நீளக் கவிதைய எப்பவும் இடது பக்கத்துல ஆரம்பிங்க, ரெண்டு பக்கமும் ஒரே பார்வைல தெரியும். பழைய ஃபான்ட்ல அடிச்சு அனுப்பினத யூனிகோடுக்கு மாத்தினா ஒத்தெழுத்து கொம்பு எல்லாம் எடம் மாறும், பக்கம் வடிவமைக்கற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட் ரெடி கம்போசர் செலக்ட் பண்ணலன்னாலும் கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். கவிதைல ஒரு புள்ளி விட்டுப் போனாலும் வேற சொல்லாயிடும், ஒவ்வொரு கவிதையோட பக்கத்தையும் போட்டோ எடுத்து கவிஞருக்கு அனுப்பி சரின்னு பதில் வந்தப்பறம் மட்டும் ப்ரெஸ்ஸுக்கு குடுங்க. மொழிபெயர்ப்புக் கவிதைன்னா அனுமதி வாங்கணும், நம்ம நாட்டு சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு.

அச்சு கணக்கு ஈஸிதான், ஒரு தடவ புரிஞ்சா போதும். டெம்மி தாள் ஒண்ணுல 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். 96 பக்கம்னா சரியா ஆறு ஃபாரம், ரேப்பர், அதான் அட்டை, தனி. 500 காப்பிக்கு ஆறு தாள் வீதம் 3000 தாள், அதாவது 6 ரீம், வேஸ்டேஜுக்கு கொஞ்சம் சேத்துக்கங்க. நல்லா இருக்குன்னு இன்னொரு கட்டுரைய திணிச்சு 100 பக்கம் ஆக்கிடாதீங்க, அந்த நாலு பக்கத்துக்காக தனியா ஓட்டணும், வேற ஒண்ண எடுத்து அடுத்த இதழுக்கு வெச்சுடுங்க. தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும், ஆண்டர்சன் தெருவுல ரெண்டு மூணு கடை ஏறி எறங்கி விலை கேட்டு வாங்குங்க, நம்ம ஏரியாலேர்ந்து பக்கம்தானே. ஆஃப்செட்ல 100 காப்பி அடிச்சாலும் 500 அடிச்சாலும் ப்ளேட் செலவு ஒண்ணுதான், அதனால ரொம்ப கம்மியா அடிக்கறதா இருந்தா டிஜிட்டல்ல போயிடுங்க.

தேதி விஷயத்துல மட்டும் கறாரா இருக்கணும். நாங்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வெச்சிருக்கோம், ஏன்னா ஜனவரி இதழ் புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் போயே ஆகணும், வருஷத்துல அதிகமா விக்கறது அதுதான். ஆனா டிசம்பர்ல எல்லா ப்ரெஸ்ஸும் காலண்டர், டைரி, கண்காட்சிக்கு வர்ற புத்தகம்னு நெரிஞ்சுக் கெடக்கும், நம்ம 500 காப்பிய யாரும் கண்டுக்க மாட்டாங்க, நவம்பர் கடைசிக்குள்ள ஃபைல் குடுத்துடுங்க. டிசம்பர்னாலே மழையும் உண்டு. மிக்ஜாம் புயல் வந்தப்ப வியாசர்பாடில நண்பர் வீட்டுல கட்டில் மேல வெச்சிருந்த பழைய இதழ் கட்டு ஒண்ணு முழுசா ஊறிப் போச்சு, ஒவ்வொரு காப்பியா பிரிச்சு ஃபேனுக்கு கீழ போட்டும் தேறல. கட்டில் எல்லாம் பத்தாது, பரண்ல பாலித்தீன் சுத்தி வெய்ங்க.

பதிவு பத்தி கேப்பீங்க. 1867 சட்டம் போய் 2023 சட்டம் வந்திருக்கு, 2024 மார்ச்லேர்ந்து அமல்ல இருக்கு, தலைப்பு கேக்கறது பதிவு பண்றது எல்லாமே ப்ரெஸ் சேவா போர்ட்டல்ல ஆன்லைன்தான். தமிழ்ல ஏற்கெனவே யாராவது வெச்சிருக்கற பேரோ அது மாதிரி இருக்கறதோ கிடைக்காது, ஒண்ணுக்கு நாலு பேரா யோசிச்சு வைங்க. நிறைய சிற்றிதழ்ங்க தனிச்சுற்றுக்கு மட்டும்னு போட்டுதான் வந்திருக்கு, ஆனா அரசியல் எழுதறோம்னா பதிவு பண்ணிட்டு தைரியமா எழுதறது நல்லதுன்றது என்னோட அபிப்ராயம். ஐஎஸ்எஸ்என்னு பத்திரிகைங்களுக்கு குடுக்கற அடையாள நம்பருக்கு காசு கெடையாது.

சந்தா ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்குங்க, நாலு இதழ். ஆயுள் சந்தா வேணவே வேணாம், அந்தக் காசு ரெண்டு இதழுக்குள்ள கரைஞ்சிடும், அனுப்ப வேண்டிய கடன் மட்டும் நிக்கும். கடைங்க மூணுல ஒரு பங்கு கமிஷன் எடுத்துக்குவாங்க, மீதி வர்றதுக்கும் மாசக்கணக்கா ஆகும், அதனால நேரா விக்கறததான் நம்பணும். ராயபுரத்துல ஒரு கல்யாண வீட்டு வாசல்ல கூட வித்திருக்கோம். பதிவுத் தபால 2025ல ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாங்க, அதனால விலை போடறதுக்கு முன்னாடி ஒரு காப்பிய கவர்ல போட்டு எடுத்துட்டு போய் தபால் ஆபீஸ் கவுண்டர்லயே எடை போட்டுப் பாத்துடுங்க.

எழுதினவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு காப்பி, பணம் எவ்ளோ முடியுமோ அவ்ளோ, அதுவும் இதழ் வந்த வாரமே. கன்னிமாராவுக்கு ஒண்ணு, தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒண்ணு எடுத்து வெச்சுடுங்க, அம்பது வருஷம் கழிச்சு யாராவது தேடி வருவாங்க. பேசிக் குடுத்தவங்களுக்கு மட்டும் தபால்ல அனுப்பாதீங்க, நேர்ல போங்க. காசிமேட்டு பெரியவர் இதழ கையில வாங்கி, அவர் பேரு இருக்கற பக்கத்த பேத்திய விட்டு படிக்கச் சொல்லி கேட்டுட்டு, "ஐஸ் போட ஆரம்பிச்சதப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லியே"ன்னாரு. போன ஆன் பண்ணி வெச்சேன்.